பச்சைக் கட்டம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். காகிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதறாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இல்லாதவர் எங்கள் குடிநீர் பம்ப் நிலையத்து வால்வுக்காரர்.

போன வாரம் மதியம் நான் கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியில் இருந்தேன். வால்வுக்காரர் கீழே பம்ப் குழியில் வால்வுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். கீழ்த்தொட்டி நிரம்பினால் என் திரையில் ஒரு கட்டம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும். சிவப்பைப் பார்த்ததும் நான் உள்ளே தண்ணீர் தள்ளும் மோட்டாரை நிறுத்த வேண்டும். இத்தனை வருடமாகச் செய்கிற வேலை. அன்று கட்டம் பச்சையாகவே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் குழிக்குள் இறங்கிவிட்டது. வெள்ளத்தில் இரும்பு ஏணி கழன்று அவர் காலின் மேல் விழுந்தது. காவலாளி சத்தம் கேட்டு ஓடியதால் உயிர் பிழைத்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

எங்கள் பொறியாளரை உனக்குத் தெரியாது. சட்டையில் ஒரு மடிப்புக் கூட விழாது, அதனால் நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர் சொல்கிறார்: "சிஸ்டத்துல சிவப்பு வந்ததுக்கு பதிவு இருக்கும்மா. நீங்க பாக்கல. கவனக்குறைவுன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. ஒரு படி கீழ இறக்கி, திரும்ப எடுத்துக்கறோம்."

நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் மாமா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து என் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

நான் பார்த்தேன், தம்பி. பச்சையாக இருந்தது. தலைகீழாக நின்றாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மனசே சரியில்லை. வால்வுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்?

அக்கா, கோபப்படாமல் கேள். நீ பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனிதக் கண் சில நேரம் ஏமாற்றும். நாள் முழுதும் ஒரே திரையைப் பார்த்தால், எதிர்பார்ப்பதைத்தான் கண் பார்க்கும். எனக்கே இங்கே புரோகிராம் எழுதும்போது நடக்கிறது. பதிவில் சிவப்பு என்று இருக்கும்போது நீ பச்சை என்று ஒற்றைக் காலில் நின்றால் யார் நம்புவார்கள்? ஒரு படி இறக்கினால் இறக்கட்டும். இரண்டு வருடத்தில் மேலே வந்துவிடலாம். விசாரணை, வக்கீல் என்று இழுத்தால் உன் உடம்புதான் கெடும்.

இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடேன். மாமாவும் அதைத்தான் நினைக்கிறார் என்று தோன்றுகிறது, சொல்லப் பயப்படுகிறார்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன்.

என்றும் உன்,
தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

நீ எழுதியதை உனக்கு முன்னாலேயே இஸ்திரி, யூனியன் செயலாளர், பக்கத்து வீட்டுக்காரி மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து தபால் போட்டு நீ நாலாவது ஆளாக வந்திருக்க வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறாய். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்பதுதானே என் வழக்கே!

உன் மாமாவைப் பற்றியும் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: "நான் கண்ணாடியில பாக்கறப்ப பின்னாடி வண்டி இருக்காது. திரும்பிப் பாத்தா ஒட்டிக்கிட்டு நிக்கும். கண்ணாடி மேல கேஸ் போட முடியுமா? நீ போடாத கையெழுத்து." அத்தனை நாள் அவர் மென்று முழுங்கிக்கொண்டிருந்தது இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வால்வுக்காரரின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் பேசினார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க சீட்டுல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் மோட்டாரை நிறுத்தல?"

"பச்சையா இருந்துச்சு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பினாரா இல்லையா தெரியாது. தம்பி, நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த மனிதரைக் குழிக்குள் விட்டுவிட்டு நான் எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. ஒரு படி என்ன, ஒன்பது படி இறக்கினாலும் அதை எழுத மாட்டேன்.

கண் ஏமாற்றும் என்று எழுதினாய். இதையும் கேள். காவலாளி கத்தியதும் இஸ்திரி என் அறைக்குள் ஓடி வந்தார். அப்போதும் கட்டம் பச்சைதான். திரையின் அடி ஓரத்தில் அது மட்டும் தனியாக இருக்கும், வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அவர் என் தோளுக்கு மேல் கையை நீட்டி ஒரு பட்டனைத் தட்டினார். வேறு பக்கம் வந்தது. திரும்பத் தட்டினார், பழைய பக்கம் வந்தது. கட்டம் சிவப்பு! "இதோ சிவப்பா இருக்கேம்மா!" என்று கத்தினார். அவர் கை பட்ட பிறகுதான் சிவந்தது. இதைச் சொன்னால் எல்லாரும் நான் சப்பைக்கட்டு கட்டுவதாக நினைக்கிறார்கள். நீயும் நினைத்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நினைக்கவில்லை. இனி நினைக்கவும் மாட்டேன்.

பட்டனைத் தட்டிப் பக்கம் மாறித் திரும்பியதும் சிவந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உங்கள் பம்ப் நிலைய எலக்ட்ரீஷியனின் நம்பரை மாமாவிடம் வாங்கி, அவருக்குப் போன் செய்து, புதுக் கணினியை ஆன் செய்யும்போது என்ன பெயர் வருகிறது என்று கேட்டேன். அவர் சொன்னது எங்கள் புரோகிராமின் பெயர். ஆச்சரியமில்லை. உலகத்தில் பழைய இயந்திரங்களை ஓட்டுகிற இடங்களில் பாதி அதைத்தான் வைத்திருக்கின்றன.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். போன வருடம் உன் மேசையிலிருந்த பழைய கணினியைத் தூக்கிவிட்டார்கள் அல்லவா? அதில் ஓடிய பம்ப் சாஃப்ட்வேர் புதுக் கணினியில் ஓடாது. அதனால் புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினியைப் போல நடிக்கிற ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த நடிப்பைச் செய்வது எங்கள் புரோகிராம். அதில் திரை சம்பந்தப்பட்ட பகுதி என் குழுவின் பொறுப்பு.

பம்ப் சாஃப்ட்வேர் தான் நிஜத் திரையில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, திரையில் காட்ட வேண்டியதைச் சேர்த்துவைக்கும் வீடியோ மெமரியில் எழுதும். அதை எடுத்து உன் கண்ணுக்கு முன்னால் வரைவது எங்கள் வேலை. ஒவ்வொரு தடவையும் முழுவதையும் வரைந்தால் கணினி திணறும். அதனால் அந்த மெமரியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரு துண்டில் புதிதாக எதையாவது எழுதினால் அதன்மேல் ஓர் அடையாளம் விழும். எங்கள் புரோகிராம் நொடிக்குப் பல முறை சுற்றி வந்து, அடையாளம் இருக்கிற துண்டுகளை மட்டும் திரையில் வரைந்துவிட்டு, அடையாளத்தை அழித்துவிடும்.

அந்தக் காலத்து சாஃப்ட்வேர் நிறம் மாற்றும்போது பழைய நிறத்தை ஒரு தடவை எழுதிவிட்டு உடனே புதியதை எழுதும், அப்போதே அடையாளம் விழுந்துவிடும். தவறு இங்கேதான். முதலில் வரைகிறது, பிறகு அழிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான், அதே துண்டில் சிவப்பு எழுதப்பட்டால் என்ன ஆகும்? வரைந்தது பச்சையை. அழித்தது சிவப்புக்கான அடையாளத்தை. மெமரியில் சிவப்பு, பதிவில் சிவப்பு, உன் திரையில் பச்சை. அந்தத் துண்டில் மறுபடி ஏதாவது மாறினால் சரியாகிவிடும். உன் கட்டம் ஓரத்தில் தனியாக இருக்கிறது, அங்கே வேறெதுவும் மாறுவதில்லை. யாராவது பக்கத்தையே மாற்றினால்தான் முழுத் திரையும் புதிதாக வரையப்படும். இஸ்திரி செய்தது அதைத்தான்.

உன் திரையைப் போலவே ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தேன். பல ஆயிரம் முறைக்கு ஒரு முறை பச்சை நின்றுவிடுகிறது. சரிசெய்ய இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும்: முதலில் அழி, பிறகு வரை. நடுவில் எது எழுதப்பட்டாலும் அதன் அடையாளம் அடுத்த சுற்றுக்குத் தப்பித்து நிற்கும்.

உன் விஷயத்தையும் சொல்லி எங்கள் டீம் லீடிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. சொன்னார்: "நல்லா கண்டுபிடிச்சே. திருத்திடு. குறிப்புல 'சிறு திருத்தம்'னு மட்டும் போடு. பழசைக் கிளறினா எங்கெங்கேருந்தோ கேஸ் வரும்."

அக்கா, நீ விசாரணையில் "கணினியைப் பரிசோதியுங்கள்" என்று கேள். நான் சொன்னதாக மட்டும் வேண்டாம். இங்கே என் நிலைமை கொஞ்சம் இக்கட்டு.

உன்,
தம்பி

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

படித்தேன். முதல் பாதியைப் படித்து அழுதேன். நான் அழுகிறேன் என்று உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவருக்கும் படித்துக் காட்டினேன். "அப்ப கண்ணாடிதான் பொய் சொல்லியிருக்கு," என்றார். பைத்தியமில்லை நான் என்று ஒரு மனிதர், அதுவும் விஷயம் தெரிந்தவர், எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

பின்பாதியைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெயரில்லாத பேச்சைக் கொண்டுபோய் இஸ்திரி முன்னால் வைக்கச் சொல்கிறாயா? "யாரு சொன்னா?" என்று கேட்பார். "ஒருத்தர் சொன்னார், அவருக்கு இக்கட்டு" என்று சொல்லவா? சிரிப்பார். உன் டீம் லீடுக்குக் கேஸ் வருமே என்று கவலை. இங்கே எனக்குக் கேஸ் வந்தே விட்டது.

அதற்காக உன் பெயரைக் கொடு என்று கேட்பேன் என்று நினைக்காதே. கேட்க மாட்டேன். நீ அங்கே எப்படிப்பட்ட அறையில் இருந்துகொண்டு, என்னவெல்லாம் படித்து அந்த வேலைக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் வேலையை எடுத்து என் வேலையில் ஒட்டுப்போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்கிற உதவியும் எனக்கு வேண்டாம். விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்கள், மே இரண்டாம் வாரம். நான் பார்த்ததை நான் சொல்வேன். நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் வீட்டில் உட்காருகிறேன். அப்போதும் பச்சை என்றுதான் சொல்வேன்.

இனி இந்தக் கணினி சமாசாரம் எதையும் எனக்கு எழுதாதே. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுது, போதும். இதற்குப் பதிலும் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். தூங்கவில்லை. பதில் வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உன் தம்பிதானே, சொன்ன பேச்சை எங்கே கேட்பேன்?

எங்கள் புரோகிராமில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் எந்த வரியை மாற்றினாலும் ஏன் மாற்றினார் என்று பெயரோடு ஒரு குறிப்பு எழுத வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். நேற்று அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினேன். குறிப்பில் இப்படி எழுதினேன்:

"வரைந்த பிறகு அடையாளத்தை அழித்தால், இடையில் எழுதப்பட்ட மாற்றம் தொலைந்துபோகும். திரையில் பழைய படம் நின்றுவிடும். அதைப் பார்த்து வேலை செய்பவர் தவறான நிலவரத்தைக் காண்பார். அவர் கவனத்தில் குறை இல்லை."

டீம் லீட் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "கடைசி வரியை எடுத்துடு. அது டெக்னிக்கல் இல்ல," என்றார்.

"இந்தக் குறிப்புல அது ஒண்ணுதான் டெக்னிக்கல்," என்றேன். "மத்ததெல்லாம் அதுக்கு விளக்கம்."

"உன் அக்காவுக்காகப் பண்றியா?"

"எங்க அக்கா என் உதவியே வேண்டாம்னு எழுதிட்டாங்க. நம்ம புரோகிராம் எத்தனை ரூம்ல ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதுக்காகப் பண்றேன்."

கடைசி வரியை எடுக்கவில்லை. என்னை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதோடு என் வாக்குமூலம் இருக்கிறது. முழுப் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஒரு சோதனை புரோகிராமும் எழுதி எலக்ட்ரீஷியனுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அது பம்ப் எதையும் தொடாது. உன் திரையைப் போல ஒரு திரையை வைத்து, கட்டத்தைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். மெமரியில் சிவப்பு இருந்து திரையில் பச்சை நின்றுவிட்டால் அப்படியே நிற்கும். விசாரணைக் கமிட்டி முன்னால் உன் கணினியிலேயே ஓட்டச் சொல். உடனே நடக்காது, அது அதிர்ஷ்டம் மாதிரி. அவர்களை உட்கார வைப்பது உன் சாமர்த்தியம்.

உன்,
தம்பி

*

மே 9

என் அருமைத் தம்பிக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கமிட்டியில் மூன்று பேர். இஸ்திரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வால்வுக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மனைவியோடு வந்தார். உன் வாக்குமூலத்தைத் தலைவர் உரக்கப் படித்தார். இஸ்திரி எழுந்து, "சார், இது குற்றம் சாட்டப்பட்டவரோட சொந்தத் தம்பி," என்றார்.

"ஆமாம்," என்றேன். "அதனாலதான் அவன் பேச்சை நம்ப வேண்டாம், மெஷினை ஓட்டிப் பாருங்கன்னு கேக்கறேன்."

எல்லாரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். எலக்ட்ரீஷியன் ஓட்டினார். கட்டம் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று படபடத்துக்கொண்டே இருந்தது. டீ வந்தது, குடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமிட்டியில் ஒருவர் எழுந்து, "போதும்மா, நாங்க பாத்துட்டோம்," என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உக்காருங்க சார்! தினம் முழு ஷிப்ட்டும் இந்தக் கட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு டீ ஆறுற நேரம் உங்களால உக்கார முடியலையா? இதைப் பாக்கலைன்னுதானே எனக்குத் தண்டனை? இப்ப நீங்க பாருங்க!"

அவர் உட்கார்ந்துவிட்டார். உட்காராவிட்டால் கதவை மறித்திருப்பேன்.

அப்புறம் நின்றது, தம்பி. படபடப்பு நின்று, கட்டம் பச்சையாக நின்றது. எலக்ட்ரீஷியன் சொன்னார்: "சார், மெமரில சிவப்பு. இங்க பாருங்க, பச்சை." தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பச்சைதான். பிறகு அவரே இஸ்திரியிடம், "அன்னைக்குத் தட்டின பட்டனைத் தட்டுங்க," என்றார். தட்டினார். பக்கம் மாறித் திரும்பியது. சிவப்பு.

வால்வுக்காரர் கட்டைகளை ஊன்றித் திரை அருகில் வந்து வெகுநேரம் பார்த்தார். "நான் கீழ இருந்தேன் சார்," என்றார். "மேடம் மேல இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது இது ஒண்ணுதான்." அவர் மனைவி நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. சாயங்காலம் உத்தரவு தட்டச்சாகி வந்தது. "சந்தேகத்தின் பலனை அளித்து மீண்டும் பணியில்" என்று இருந்தது. வாங்க மாட்டேன் என்றேன். தலைவர் அலுத்துக்கொண்டார்: "வேலைதான் கிடைச்சிடுச்சே, வார்த்தையில என்னம்மா இருக்கு?"

"எனக்கு இதுல சந்தேகமே இல்ல சார். இப்ப உங்களுக்கும் இல்ல. இல்லாத சந்தேகத்தோட பலன் எனக்கு எதுக்கு? பணியாளர் மீது தவறு இல்லைன்னு போடுங்க. அவர் கால் முறிஞ்சதுக்கு நிர்வாகம் பொறுப்புன்னும் போடுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வால்வுக்காரர் வீட்டுக்குப் போகாமல் அவரும் உட்கார்ந்தார். ஆபீஸைப் பூட்டுகிற நேரத்துக்கு வேறு தாள் வந்தது. நான் கேட்ட இரண்டு வரிகளும் அதில் இருந்தன.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். உன்னைக் குழுவிலிருந்து எடுத்ததைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாய். மறைக்காமல் எழுது. நான் உன்னைத் திட்டியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். திட்டியிராவிட்டால் நீ எழுதியிருக்க மாட்டாய்.

அன்புடன்,
அக்கா

*

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் நம் மொழி தெரிந்த ஒரு நண்பனுக்கு வாசித்துக் காட்டினேன். "கதவை மறித்திருப்பேன்" என்ற இடத்தில் அவன் எழுந்து நின்று கைதட்டினான்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அந்தக் குறிப்பு வெளியானதும், தூரத்து நாடு ஒன்றிலிருந்து ஓர் அம்மா எனக்கு எழுதினார். டிராம் வண்டிகளுக்குச் சிக்னல் கொடுக்கிற அறையில் இருந்தவர். சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை என்று அவரை வெளியே அனுப்பிப் பல வருடம் ஆகிறது. எங்கள் புரோகிராம்தான் அங்கேயும். "தூங்கிவிட்டாய் என்று சொன்னார்கள். என் மகனே அதைத்தான் நம்புகிறான். உங்கள் கடைசி வரியை அச்செடுத்து அவன் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்," என்று எழுதியிருந்தார். தன் வழக்கை மறுபடி திறக்க வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார்.

டீம் லீடிடம் விடுப்புக் கேட்டேன். கம்பெனி பெயரில் போகக்கூடாது என்றார். சொந்தப் பெயரில் போகிறேன் என்றேன். அப்படியும் போகக்கூடாது, முந்தைய வாக்குமூலம் என் தனிப்பட்ட ஊகம் என்று எழுதிக் கொடுத்தால்தான் இங்கே தொடரலாம் என்றார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அந்த அம்மாவின் ஊருக்குக் கிளம்புகிறேன். வேலை வேறு பார்த்துக்கொள்ளலாம், என் கை அப்படியேதான் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு முந்தின நாள் பயமாக இருக்கும் என்று சொன்னார். அவருக்கு ஒரு கடிதம் எழுதி, இதோடு வைத்திருக்கிற அவர் விலாசத்துக்கு அனுப்பு. நான் அங்கேதான் இருப்பேன், அவர் மொழியில் பெயர்த்துக் கொடுக்கிறேன். நயமாக எழுதுகிறேன் என்று எதையும் பூசி மெழுகாதே. எனக்கு எழுதியது மாதிரியே எழுது.

என்றும் உன்,
தம்பி